எங்கள் மிலிட்டரி தலைவர்: அவரோடு பழகியவர்கள் எழுதுங்கள்

போன மாதம் எங்கள் ஊர் முன்னாள் ஊராட்சித் தலைவர் இறந்துவிட்டார். பேர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. 'மிலிட்டரி தலைவர்' என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் எங்கே போகிறது என்றே தெரியாமல் தூர்ந்து போயிருந்தது. பாதி மேல் சீமைக் கருவேலம், மீதியை இரண்டு பேர் தங்கள் கழனியோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். அளக்க வந்தவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியோடு கிளம்பினார், நான் சுண்ணாம்புப் பை தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மண்டி போட்டு உட்கார்ந்து, கம்பியைச் சாய்த்து மெதுவாக மண்ணுக்குள் இறக்குவார். எடுப்பார். ஒரு சாண் தள்ளி மறுபடி இறக்குவார். "ஏன் பெரியப்பா, நேரா குத்தினா என்ன?" என்று கேட்டேன். "நேரா குத்தினா மேல் மூடியில படும்டா. சாய்ச்சு இறக்கினா பக்கத்துல தட்டும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மூடி?

மதியம் புளிய மரத்தடியில் கூழ் குடிக்கும்போதுதான் சொன்னார். பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர் அவர். 1780-ல் தொடங்கிய படை அது. அதன் வீரர்களை எந்த மொழி பேசும் அதிகாரியும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டும்போது எதிரி புதைத்த கண்ணிவெடிகளை எடுத்து டாங்கிகளுக்கு வழி போட்ட படைப்பிரிவில் இவரும் இருந்தார், அப்போது 22 வயது. வெடியின் மேல் மூடியில் படாமல் இதே மாதிரி கம்பியைச் சாய்த்து இறக்கி, இரவு முழுக்கக் குளிரில் மண்டி போட்டுத் தடவித் தடவிப் போனார்களாம். பாதிதான் முடிந்திருந்தது, அதற்குள் எதிர்ப்பக்கம் டாங்கிகள் நகரும் சத்தம். மிச்சத்துக்குக் காத்திருக்காமல் நம் டாங்கிகள் கடந்து போயின. பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் அந்தச் சண்டையில்தான் இறந்தார், 21 வயது. அங்கே இவர்களுடைய 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரியும் இறந்தார், மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். சவுத்ரி சாகிப் பேரைச் சொன்னதும் பெரியப்பா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கம்பி 'டக்' என்றது. தோண்டினால் பழைய கருங்கல் கட்டு. அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். உழுதவர்களில் ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு மறுவாரமே விட்டுக்கொடுத்தார். இன்னொருவர் கோர்ட்டுக்குப் போனார், அது பல வருடம் இழுத்தது. ஆனாலும் ஏரிக்குத் தண்ணீர் வந்தது.

*

அண்ணா, நீங்கள் சொன்ன அதே கம்பியை நானும் பார்த்திருக்கிறேன், ஊராட்சி அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பார். நான் 2001-ல் வார்டு உறுப்பினர். அவர் 1996-லேயே தலைவர், பத்து வருடம் உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் இருந்து அந்த வருடம்தான் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளேயே வந்தோம். பல ஊரில் பெண் உறுப்பினரின் புருஷன்தான் கூட்டத்துக்கு வருவார். எங்கள் வீட்டுக்காரர் வந்தபோது தலைவர் வாசலிலேயே, "ஜெயிச்சவங்க அவங்கதானே? அவங்க வரட்டும்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னதில் வீட்டுக்காரருக்குக் கோபம், எனக்கும் சங்கடம்தான். ஆனால் அன்றிலிருந்து தீர்மான நோட்டில் நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கிராம சபையில் வரவு செலவை எழுத்தரைக் கொண்டு உரக்க வாசிக்க வைப்பார், யாராவது மெதுவாக வாசித்தால் மறுபடி முதலிலிருந்து.

அவருக்கு வாய் அதிகம், அதையும் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடாமல் விட்டதற்காக டேங்க் ஆபரேட்டரை ஊர் நடுவில் அப்படித் திட்டினார். மறுநாள் காலையில் அந்த ஆபரேட்டர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார், மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. வீட்டு வரி பாக்கியைச் சொந்தக்காரர், வேண்டியவர் என்று பார்க்காமல் வசூலித்தார். 2006-ல் தோற்றதற்கு அதுதான் காரணம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வருத்தப்பட்டது நாங்கள்தான். அவர் மறுநாளே புதுத் தலைவரிடம் சாவிக் கொத்தையும் மோட்டார் ரிப்பேர் பில்லையும் கொடுத்துவிட்டு வந்தார்.

*

நான் பக்கத்து ஊர். அப்பா ராணுவத்தில் நாயக்காக இருந்தவர், அவர் போனதும் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வரவில்லை. ராணுவ ஆவணத்தில் அம்மா பேர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறு. ஒரு அலுவலகத்தில் எட்டு மாதம் அலைய விட்டார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பேப்பர். யாரோ சொல்லித் தலைவரிடம் போனோம். அப்போது அவர் பதவியிலேயே இல்லை. டிஸ்சார்ஜ் புக்கை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அவரே மனு எழுதி, ராணுவப் பதிவகத்துக்கு அனுப்பி, பதில் வராததால் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. நிலுவை எல்லாம் சேர்த்து வந்த அன்று அம்மா அவர் காலில் விழப் போனார். "ஏம்மா, இது உங்க வீட்டுக்காரர் சம்பாதிச்சது, என்னுது ஒண்ணும் இல்ல" என்று நகர்ந்துகொண்டார்.

*

படித்துவிட்டேன், எல்லாருக்கும் நன்றி. கருமாதிக்குப் பிறகு அவர் மகன் ஒரு நீள நோட்டை என்னிடம் கொடுத்தார். பென்ஷன் வாங்குகிற விதவைகள், நடக்க முடியாத முன்னாள் வீரர்கள், நாற்பத்தொரு பேர். யாருக்கு எந்த பேங்க், யாருக்குக் கைரேகை விழாது, யாரை வண்டி வைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்று பென்சிலில் குறித்திருக்கிறார். நவம்பர் நெருங்குகிறது, ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். நான் ஒருவனாக முடியாது. ஊரில் இருக்கிறவர்கள், பைக் இருப்பவர்கள், யார் யார் வர முடியும் என்று கீழே சொல்லுங்கள். மேலத்தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன்.