போடியிலிருந்து மாட்டுப்பட்டி ஏரி: சொந்தக் காரில் ஒரே நாளில் சுற்றி வர முடியுமா?

தேவாரத்துக்காரன்:
வணக்கம். வருகிற சனிக்கிழமை போடிமெட்டு வழியாக மூணாறு ஏறி, மாட்டுப்பட்டி ஏரியை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று திட்டம். சின்ன பெட்ரோல் கார், ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாமல் கியர் தானாக மாறும் வகை). அப்பா அம்மாவோடு நாலு பேர். கைடு, டிரைவர் யாரும் இல்லை. மேப்பில் ஏரியின் மறுகரையிலும் கோடு கோடாகத் தெரிகிறதே, அது கார் போகிற ரோடா? எங்கெங்கே நிற்கலாம், எப்போது கிளம்பலாம்?

மெட்டுரோடு:
ரவுண்டு அடிக்க முடியாது தம்பி. மறுகரையில் தெரிகிற கோடெல்லாம் எஸ்டேட் ரோடும் காட்டுப் பாதையும்தான். கேட் போட்டிருப்பார்கள், திரும்ப இடமும் இருக்காது. மேப் காட்டுகிறதே என்று நுழைந்து ரிவர்ஸிலேயே வெளியே வருகிறவர்கள் உண்டு. மூணாறு – டாப் ஸ்டேஷன் ரோடு ஒன்றே போதும். 13வது கிலோமீட்டரில் மாட்டுப்பட்டி அணை, அணையின் மேலேயே ரோடு போகும். அதைத் தாண்டி எக்கோ பாயின்ட், 20 கி.மீ. சுமாரில் குண்டளை ஏரி, 32ல் பள்ளத்தாக்கைப் பார்க்கிற டாப் ஸ்டேஷன். போன வழியே திரும்ப வேண்டும்.

போகும்போது எங்கும் நிற்காதீர்கள். நேராக டாப் ஸ்டேஷன் போய்விட்டு, ஏரிகளைத் திரும்பும்போது பாருங்கள். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் மேலே வெள்ளைச் சுவர்தான் தெரியும், அதனால் காலையிலேயே அங்கே இருக்க வேண்டும். ஏரி எங்கும் ஓடிவிடாது. எல்லாரும் முதலில் மாட்டுப்பட்டியில் நிறுத்தி, சோளம் தின்று, போட்டிங் டிக்கெட்டுக்கு நின்று, மதியம் மேலே போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

போடியில் காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். 6 மணிக்கு மேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். 17 கொண்டை ஊசியிலும் அவை பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் புது ஆளுக்குக் கை நடுங்கும். போடி – மூணாறு 68 கி.மீ. என்றாலும் இரண்டரை மணி நேரம் வையுங்கள். டாப் ஸ்டேஷன் வரை போய்த் திரும்ப மொத்தம் 200 கி.மீ. மலையில் லிட்டருக்கு 11, 12 கிடைத்தால் பெரிது. 20 லிட்டர் போடியிலேயே போட்டுவிடுங்கள், கேரளாவில் விலை கூடுதல்.

பெற்றோருக்கு முட்டி வலி என்றால் டாப் ஸ்டேஷன் வியூ பாயின்ட்டுக்கு இறங்க வேண்டாம். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. டாப் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிற வட்டவடை கிராமத்துக்கும் ஆசைப்படாதீர்கள். பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்து போகிற ரோடு, செக்போஸ்ட் உண்டு, ஒரு நாள் கணக்கில் ஒத்துவராது.

கிளட்ச்வாசனை:
ஏஎம்டி என்பதால் சொல்கிறேன். ஏற்றத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச் தட்டுதான். பாதி பிடித்து பாதி வழுக்கி, நாலைந்து நிமிடத்தில் கருகல் வாசனை வரும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், நகரும்போது ஹேண்ட் பிரேக்கில் எடுங்கள்.

இறக்கத்தில் 'டி'யில் விட்டால் அது தானாக மேல் கியருக்குப் போய்விடும், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியர், கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுவது தற்கொலைக்குச் சமம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் வேக்குவம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிற நீங்கள் நின்று வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்பே ஹாரன். பஸ் வந்தால் அது முழு ரோட்டையும் எடுத்துத் திரும்பும், வளைவுக்கு வெளியிலேயே நில்லுங்கள். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம் போதும்.

பழைய தண்டவாளம்:
இடையில் ஒரு சங்கதி. 'டாப் ஸ்டேஷன்' என்பது நிஜமாகவே ஸ்டேஷன். 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மோனோரயில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் சின்னச் சக்கரம், தரையில் பெரிய சக்கரம், இழுத்தது மாடு. 1908ல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனில் ரோப்வே ஏறி, கீழே கொட்டகுடி பாட்டம் ஸ்டேஷனில் இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம், மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்', ரயில் பாதையை வாரிக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை.

அப்போது இந்த ஏரிகளே கிடையாது. 1940ல் தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையத்துக்குத் தண்ணீர் தேக்கத்தான் 1946ல் குண்டளையும், 1953ல் மாட்டுப்பட்டியும் வந்தன. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கரை செம்மண்ணாகத் தெரியும். நிறைந்து பார்க்க மழை ஓய்ந்த பிறகு போங்கள்.

தேவாரத்துக்காரன்:
நன்றி அண்ணே. போகிற வழியில் பூப்பாறையைத் தாண்டி வருகிற ஆனையிறங்கல் அணைப் பக்கம் யானை நின்றால்?

மெட்டுரோடு:
அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் அங்கிருந்துதான் பிடித்துப் போனார்கள், கம்பத்துக்குள் வந்தது உங்களுக்கே தெரியும். மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் பூப்பாறையை விடிந்த பிறகு தாண்டுங்கள், திரும்பும்போது மூணாறை 3 மணிக்குள் விடுங்கள். ரோட்டில் நின்றால் நூறு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். ஹாரன், லைட் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், பின்னால் வருகிற வண்டி ஒட்டி நிற்காமல் கையைக் காட்டுங்கள், ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். காது விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் மெதுவாகப் பின்னால் போங்கள். அதுவாக ஏலக்காட்டுக்குள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழை பலமாக இருந்தால், பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நடுவில் மலையோரமாகப் போகிற கேப் ரோட்டில் மண் சரியும். போகிற வழியில் போடிமெட்டு செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.