45 சதவீதத் தள்ளுபடியில் ஒரு லேப்டாப்: வாங்கலாமா, விடலாமா?

இரண்டாமாண்டுக்காரன்:

வணக்கம். மூன்று நாளாக ஒரே பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன், நீங்கள் யாராவது சொன்னால்தான் ஒரு முடிவுக்கு வருவேன் போலிருக்கிறது. படிப்பது கணினி அறிவியல். இப்போதைக்குப் பைத்தான், ஜாவா. அடுத்த பருவத்தில் ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பாடம் வருகிறது. விளையாட்டெல்லாம் கிடையாது. வாங்கினால் நான்கு வருடமாவது ஓட வேண்டும். இரண்டு லேப்டாப்பில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலாவது: ஏஎம்டியின் ரைசன் 5 7520யு சிப், 8 ஜிபி எல்பிடிடிஆர்5 ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குல ஃபுல் எச்டி திரை, 42 வாட்-அவர் பேட்டரி. 45 சதவீதம் தள்ளுபடி.

இரண்டாவது: இன்டெலின் ஐ5-1235யு சிப், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அதேதான். இதற்கு 20 சதவீதம்தான் தள்ளுபடி. கையில் கொடுக்க வேண்டிய விலை முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம்.

என் கணக்குப்படி முதலாவதுதான் புதியது (7000 வரிசை, ரேமும் டிடிஆர்5), தள்ளுபடியும் அதிகம். இரண்டாவதில் இருப்பது 2022இல் வந்த சிப். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம் இல்லையா? சலுகை இன்று நள்ளிரவோடு முடிகிறது என்று பக்கத்தில் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்க்ரூடிரைவர்:

தம்பி, அவசரப்படாதீர்கள். 7520யு என்பதில் முதல் இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் புதியது என்கிறீர்கள். அந்த 7 சொல்வது அது எந்த வருட வரிசை என்பதை மட்டும்தான். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம், அதுதான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்லும். 7520இல் அது 2, அதாவது ஜென் 2 என்ற கட்டமைப்பு, 2019இல் முதலில் வந்தது. 7530யு என்றால் ஜென் 3, 7540யு என்றால் ஜென் 4. மூன்றுமே "ரைசன் 5" என்ற ஒரே ஸ்டிக்கரோடுதான் வரும். 7520இல் 4 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளைகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). 7530இல் 6 கோர், 12 த்ரெட். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போது, நன்றாகவே தெரியும்.

1235யுவில் வேகமான கோர் 2, சிக்கனக் கோர் 8, மொத்தம் 12 த்ரெட். பழசு என்று நீங்கள் ஒதுக்கும் இதுதான் உங்கள் வேலைக்கு இரண்டில் பலசாலி.

அதைவிடப் பெரிய விஷயம் ரேம். எல்பிடிடிஆர்5 என்று பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த "எல்பி" வகை ரேம் இந்த மாதிரி லேப்டாப்களில் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும். கழற்ற முடியாது, கூட்டவும் முடியாது. 8 வாங்கினால் நான்கு வருடமும் 8தான். அதிலும் கிராபிக்ஸ் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் (செயலி எழுதும் மென்பொருள்) எமுலேட்டரும் (கணினிக்குள்ளேயே ஓடும் போலிப் போன்) சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. இரண்டாவதில் ரேம் செருகும் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள், என்னைப் பொறுத்தவரை எல்லாமே அதில்தான் இருக்கிறது.

சும்மாவந்தேன்:

ஸ்க்ரூடிரைவர் சொல்வது சரிதான், இருந்தாலும் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறார். அதே 7520யுவை ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். பிரவுசர், ஆவணங்கள், வீடியோ பார்ப்பது, சின்னப் பைத்தான் நிரல்கள், எதற்கும் குறை சொல்ல மாட்டேன், சூடும் குறைவு, விசிறிச் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். அப்புறம், எமுலேட்டர் இல்லாமலேயே யுஎஸ்பி கேபிளில் சொந்தப் போனை இணைத்துச் செயலியைச் சோதிக்கலாம், நான் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஸ்டுடியோவும் பிரவுசரில் பத்து டேபும் ஒன்றாகத் திறந்திருந்தால் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு திணறல் வரும். ரேம் நிரம்பி எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பித்துவிடும். முதல் மாதம் தெரியவில்லை. பாடம் பெரிதாகப் பெரிதாகத் தெரிந்தது.

பழையமாடல்:

சிப், ரேம் எல்லாம் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அந்த 45 சதவீதத்தைப் பற்றி. எதிலிருந்து 45? பெட்டியில் அச்சடித்த விலையிலிருந்து. அந்த விலைக்கு யாராவது என்றைக்காவது அதை வாங்கியிருப்பார்களா? விலை வரலாறு காட்டும் தளங்களில் அந்த மாடலைப் போட்டுப் பாருங்கள், கடந்த சில மாதங்களாகச் சாதாரண நாளில் என்ன விலைக்குப் போனதோ அதுதான் உண்மையான விலை. அதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால் 45 என்பது பல நேரம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். அதனால் சதவீதத்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, இறுதி விலையையும் உள்ளே இருக்கும் பொருளையும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று, திரை. "ஃபுல் எச்டி" என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான். திரை வகை ஐபிஎஸ்ஸா டிஎன்னா? வெளிச்சம் எத்தனை நிட்ஸ்? விலை குறைந்த மாடல்களில் வழக்கமாக வருவது 250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி (திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதற்கான அளவுகோல்). எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு அளவுகோலில் சொன்னால் 60 சதவீதத்தைச் சுற்றித்தான் வண்ணம் வரும், சிவப்பெல்லாம் வெளுத்த செங்கல் மாதிரி தெரியும். நிரல் எழுத அது போதும். ஆனால் டிஎன் என்றால் வேண்டாம், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும் திரையை நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விற்பனைப் பக்கத்தில் இதையெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள். முழு மாடல் எண்ணை (பெயரை அல்ல, பின்னால் வரும் அந்த நீளமான எழுத்துக்கூட்டத்தை) எடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். ஒரே பெயரில் நான்கைந்து வகை இருக்கும், கடைசிச் சில எழுத்துகளில்தான் திரையும் பேட்டரியும் மாறும்.

இரண்டாமாண்டுக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினேன். முதலாவது: ரேம் பற்றவைத்தது, ஸ்லாட் இல்லை, திரை டிஎன்! விற்பனைப் பக்கத்தில் "கண்ணுக்கு இதமான திரை" என்று மட்டும்தான் இருந்தது. இரண்டாவது: இரண்டு ஸ்லாட், ஒன்றில் 8 ஜிபி, மற்றது காலி, திரை ஐபிஎஸ், 250 நிட்ஸ். விலை வரலாற்றையும் பார்த்தேன். முதலாவது மூன்று மாதமாக ஏறத்தாழ இதே விலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் கடிகாரம் நேற்று நள்ளிரவில் பூஜ்யத்துக்கு வந்தது. காலையில் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது, விலையில் மாற்றமே இல்லை.

இரண்டாவதையே எடுக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: காலி ஸ்லாட்டில் போட இன்னொரு 8 ஜிபி வாங்கினால் அதே கம்பெனியாக இருக்க வேண்டுமா? இப்போதே போடுவதா, ஆண்ட்ராய்டு பாடம் வரும்போதா?

ஸ்க்ரூடிரைவர்:

அதே கம்பெனி கட்டாயமில்லை. லேப்டாப்புக்கான சோடிம் வகை டிடிஆர்4, 3200 வேகம், இது பொருந்தினால் போதும். வேகம் குறைந்ததைப் போட்டால் இரண்டுமே அந்த வேகத்துக்கு இறங்கிவிடும், அவ்வளவுதான்.

முடிந்தால் இப்போதே போடுங்கள். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் டூயல் சேனலில், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து, ஓடும். இந்த இன்டெல் சிப்பில் ஒரே ரேம் இருந்தால் உள் கிராபிக்ஸின் பெயர்கூட வெறும் "யுஎச்டி" என்றுதான் வரும், இரண்டாவதைப் போட்டதும் "ஐரிஸ் எக்ஸ்ஈ" என்று மாறும். பெயர் மட்டுமல்ல, வேகமும் கூடும்.

ஆனால் பெட்டி வந்த அன்றே திறந்துவிடாதீர்கள். கீழ்மூடியைக் கழற்றினால் வாரன்ட்டி போகுமா என்று முதலில் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். திருப்பி அனுப்ப அனுமதிக்கும் நாட்கள் முடியும்வரை அப்படியே ஓட்டுங்கள். திரையில் இறந்த புள்ளி, கீபோர்டு, சார்ஜ் ஏறுவது எல்லாம் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டி 476 ஜிபி என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று இங்கே வந்து இன்னொரு கேள்வி போடாதீர்கள், 512ஐ விண்டோஸ் அப்படித்தான் எண்ணும்.

சும்மாவந்தேன்:

மூடியைக் கழற்றும்போது திருகுகளைக் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே ஒரு காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. என்னுடையதில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.