குழந்தையின் வீணை வகுப்பு: நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்

நான்: அனைவருக்கும் வணக்கம். குழந்தைக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சர் தம் மகனோடு இருக்கப் போய்விட்டார். போய்வரும் தூரத்தில் வேறு ஒருவரும் இல்லை. வெளியூர் ஆசிரியை ஒருவர் வீடியோ அழைப்பில் கற்றுத்தரச் சம்மதித்து, நாளை மாலைக்குள் பதில் கேட்டிருக்கிறார். ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் தொடக்கப் பயிற்சியான ஜண்டை வரிசை பாதியில் நிற்கிறது. சேர்க்கலாமா?

பெரியம்மா: வீணையைக் கையைப் பிடித்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

தங்கை: சேர்த்துவிடு அக்கா. இடையில் விட்டால் விரல் மறந்துவிடும்.

அண்ணன்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அழைப்பில் ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து வாசிக்க முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒலி வந்துசேரும் தாமதம் சுமார் 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே தாளம் இழுபடத் தொடங்கும். நேரில் என்றால் அது பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம், வீடியோ அழைப்பிலோ தாமதம் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. ஆகவே அவர் வாசித்து நிறுத்திய பிறகு இவள் திருப்பி வாசிக்க வேண்டும். சுருதிப்பெட்டியும் தாளம் தட்டும் மெட்ரோனோமும் இவள் பக்கத்தில்தான் ஓட வேண்டும்.

மாமா: சம்மதம்.

நான்: சேர்ப்பதற்குச் சம்மதமா மாமா?

அண்ணன்: அடுத்தது ஒலி. இந்தச் செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. விடாமல் ஒலிக்கும் சுருதியையும், மீட்டிய பின் மெல்லத் தேயும் நாதத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தின் உயிரே அந்தத் தேயும் நாதத்தில்தான் இருக்கிறது. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான ‘அசல் ஒலி’ அமைப்பை இயக்கிவிடு. கைப்பேசியை நேர் எதிரே வைத்தால் விரல் எந்த மெட்டில், அதாவது தந்திக்கடியில் உள்ள எந்த உலோகக் கம்பியில், இருக்கிறது என்பது தெரியும், தந்தியை எவ்வளவு இழுக்கிறாள் என்பது தெரியாது. சற்று மேலிருந்து சாய்வாக வை.

பெரியம்மா: எந்த வீணையில் வாசிக்கப் போகிறாள்?

நான்: டீச்சர் இரவலாகத் தந்ததில்தான், பெரியம்மா. அதைத் திருப்பித் தர வேண்டும்.

பெரியம்மா: எங்கள் அம்மாவின் வீணை ஒரு வீட்டில் சும்மா இருக்கிறதே.

சித்தி: அதை அம்மாவே என்னிடம் கொடுத்தார்கள், அக்கா. அவர்களுடைய நூல் புடவையில் சுற்றித்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: வைத்திருக்கிறாய். வாசிக்கவில்லை.

சித்தி: மெழுகு இளகி மூன்று மெட்டுகள் சாய்ந்துவிட்டன. 24 மெட்டுகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும், அதாவது மெழுகு வைத்து மெட்டுகளை ஸ்வரத்துக்கு ஏற்றபடி பதிக்க வேண்டும்.

தங்கை: கட்டுபவரை நான் விசாரிக்கிறேன் சித்தி.

நான்: எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. நேற்று மாதிரி வகுப்பு நடந்தது. “முதல் தந்தி சாரணியின் சுருதி இறங்கியிருக்கிறது, கொஞ்சம் ஏற்று” என்றார் ஆசிரியை. குழந்தை தந்தியை முறுக்கும் பிரடையில் கை வைத்தாள், தந்தி அறுந்துவிடுமோ என்று பயந்து எடுத்துவிட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. ஏழு தந்திகளையும் சுருதி சேர்ப்பதற்குள் பாதி வகுப்பு போய்விட்டது. திரையில் இருப்பவரால் பிரடையைத் திருக முடியாதே.

அண்ணன்: சரியான இடத்தைத் தொட்டாய். மற்றவற்றுக்கெல்லாம் வழி உண்டு. இதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.

சித்தி: சுருதி சேர்க்க அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் இருவருக்கும் பழக்கிவிடுகிறேன்.

பெரியம்மா: உனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சித்தி: நீங்களும் வாருங்கள் அக்கா. கை வைக்கும் அழகு உங்களுக்குத்தான் வரும் என்று அம்மா எப்போதும் சொல்வார்கள்.

பெரியம்மா: வருகிறேன். இடக்கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் எப்படி அழுத்துகிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.

நான்: அப்படியானால் ஒரு மாதம் பார்க்கிறோம் என்று ஆசிரியைக்கு எழுதட்டுமா? பாட்டியின் வீணை, சித்தி?

சித்தி: மேளம் கட்டி முடியட்டும், பேசலாம்.

அண்ணன்: எழுது. வகுப்பைப் பதிவு செய்துகொள்ள அனுமதியும் கேள். ஐயம் வந்த இடத்தைக் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

மாமா: எந்த ஞாயிறு?