பகான் தமிழ்க் கல்வெட்டு எங்கே இருக்கிறது?

பெகு_வாசகன்:
அடுத்த மாதம் குடும்பத்தோடு மியான்மரின் பகான் போகிறோம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு நாட்லாங் சாங் பெருமாள் கோயிலில் இருப்பதாக ஒருவரும், மியின்கபா கிராமத்தில் இருப்பதாக இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி? நம்மால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியுமா?

கல்லெழுத்து:
இரண்டும் இல்லை. கல் கிடைத்தது மியின்கபாவில். இருப்பது பழைய பகானில், கோடோபலின் கோயிலுக்குப் பக்கத்து அருங்காட்சியகத்தில். மியின்கபா போகிறவர்கள் மியாசேதி கல்வெட்டுத் தூணைப் படமெடுத்து, "நாலு மொழியில் ஒன்று தமிழ்" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நாலும் பாலி, ப்யூ, மொன், பர்மியம். காலம் 1113 வாக்கில். அதன் இன்னொரு பிரதி அருங்காட்சியகத்திலும் நிற்பதால் அங்கேயும் குழப்பம்தான்.

தமிழ்க் கல்லில் முதலில் வருவது கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், முகுந்தமாலையிலிருந்து. மேல்வரியைப் பார்த்து "இது தமிழே இல்லை" என்று நகர்ந்துவிட வேண்டாம், அதற்குக் கீழே தமிழ் உரைநடை. புள்ளி இருக்காது, எ‑ஏ, ஒ‑ஓ வேறுபாடு கிடையாது, காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரியும். தனித்தனி எழுத்தாகப் பிடித்தால் திணறுவீர்கள். 'விண்ணகர்' (பெருமாள் கோயில்), 'மண்டபம்', 'விளக்கு' என்று தெரிந்த சொல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து இருபுறமும் நகருங்கள்.

ரங்கூன்_மணி:
அப்படியானால் சோழர் பகானை ஆண்டதற்கு இது சான்றுதானே?

கல்லெழுத்து:
இல்லை. சோழ மன்னர் யார் பெயரும் அதில் கிடையாது, ஆண்டும் கிடையாது. எழுத்தமைதியை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கொடுத்தவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக்காரர், அதாவது இன்றைய கொடுங்கல்லூர். பெயர் இராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி. புக்கம் என்ற அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகரில் மண்டபம் கட்டி, கதவிட்டு, ஒரு நிலைவிளக்கும் வைத்தார். அவ்வளவே செய்தி. புக்கம்தான் பகான். நானாதேசி என்றால் பல தேசத்து வணிகர். படையெடுப்புக் கதையைவிட, கடல் தாண்டி வந்த வணிகர்களுக்கு இங்கே சொந்தமாக ஒரு பெருமாள் கோயில் இருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இராவதிக்கரை:
நாட்லாங் சாங்கையும் விட்டுவிடாதீர்கள். தட்பின்யூ கோயிலுக்கு மேற்கே, பழைய நகர மதிலுக்குள் இருக்கும் செங்கல் கோயில். பகானில் எஞ்சிய இந்துக் கோயில் அது ஒன்றுதான். வெளிச்சுவர் மாடங்களில் தசாவதாரம் இருந்தது, மூன்று போய்விட்டன. பெயருக்கு 'நாட்' எனும் பர்மிய ஆவித் தெய்வங்களை அடைத்த மடம் என்று பொருள், நம் பெருமாளையும் நாட் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்! கல்வெட்டில் வரும் விண்ணகர் இதுதான் என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள்: கல் கிடைத்தது தெற்கே, மதிலுக்கு வெளியே.

கோயில்களுக்குள் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும். நண்பகலில் செங்கல் தளம் கொதிக்கும். காலையில் கோயில், வெயில் ஏறினதும் அருங்காட்சியகம்.