சமையலறை மேடை: தொட்டியை நகர்த்துவதா, அடுப்பை நகர்த்துவதா?

வணக்கம். எங்கள் பழைய வீட்டின் 10-க்கு 8 அடிச் சமையலறையை, ஆள் வைக்காமல் நானும் என் கணவருமே விடுமுறை நாட்களில் மாற்றி அமைத்து வருகிறோம். ஒரே மேடையில் அடுப்பும் தொட்டியும் ஒன்றரை அடி இடைவெளியில் இருப்பதால், பாத்திரம் கழுவும்போது தெறிக்கும் நீர் தாளிக்கும் எண்ணெயில் விழுந்து வெடிக்கிறது. தொட்டியை வடக்குச் சுவருக்குக் கொண்டுபோனால், 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டத்துடன் வரும் கழிவுநீர்க் குழாய், மேடைக்கடியில் சிலிண்டர் நிற்கும் இடத்தைக் குறுக்கே மறிக்கிறது. அடுப்பை நகர்த்தலாமென்றால், எரிவாயு ரப்பர் குழாய் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதால் சிலிண்டரும் உடன் நகர வேண்டும். அப்போது கிரைண்டருக்கு இடமில்லை (என் மாமியார் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்). இத்தகைய அறையில் நீங்கள் எதை நகர்த்தினீர்கள், தரையைக் கொத்த வேண்டியிருந்ததா என்பதைத் தெரிவித்தால், கிரானைட் பலகையை வெட்டக் கொடுக்கும் முன் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.