வீடு பிடித்திருக்கிறது, கொல்லைப்புறம் பிடிக்கவில்லை: வாங்கலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தாம்பரத்து மருமகள்:

வணக்கம். செம்பாக்கம் பக்கம் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். ஒரு கிரவுண்டு மனை, 40க்கு 60. 1990களில் கட்டியது, தரைத்தளம் மட்டும். காற்றோட்டம் அருமை. மகள் பள்ளிக்கு நடந்தே போகலாம். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. சுவரில் வெடிப்பு, ஓதம் எதுவும் கண்ணில் படவில்லை. விலையும் கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் எட்டிவிடும்.

சிக்கல் கொல்லைப்புறம்தான். பின்கதவைத் திறந்ததுமே மாமியார் முகம் மாறிவிட்டது. பாதி இடத்தில் உடைந்த செங்கல், ஓடு, மழையில் இறுகிக் கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகள். மீதியில் இடுப்பளவு பார்த்தீனியம், நாயுருவி, எருக்கு. செப்டிக் டேங்க் மூடி உடைந்து, மேலே ஒரு தகரம் போட்டிருக்கிறார்கள். ஒரு தென்னை பக்கத்து வீட்டு மாடிமேல் சாய்ந்து நிற்கிறது, ஓலையெல்லாம் கறுப்பு படிந்து கிடக்கிறது. மதில் ஓரத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி.

"ஒரு நாள் ஜேசிபி வேலை மேடம்" என்கிறார் தரகர். என் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். "பாம்பு இருக்கும், நான் அங்கே வரமாட்டேன்" என்கிறார் மாமியார். இப்படிப் பாழாய்க் கிடந்த இடத்தோடு வீடு வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள், என்ன நடந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சூலூர்க்காரன்:

நாங்க வாங்குன வீடும் இதே கதைதானுங்க மேடம். முதல்ல ஒண்ணு கேக்கறேன், வீட்டுக்குப் பக்கவாட்டுல சந்து எத்தனை அடி? 40 அடி அகலத்துல வீடு கட்டியிருந்தா பெரும்பாலும் மூணு, நாலு அடிதான் விட்டிருப்பாங்க. ஜேசிபி எப்படி உள்ள போகும்? எங்களுக்கும் தரகர் அதே வசனம்தான் சொன்னாரு. வண்டி வந்து தெருவுல நின்னுச்சு. கடைசியில ஆள் வெச்சு, பாண்டுல அள்ளி, சந்து வழியா சுமந்து, டிராக்டர்ல ஏத்துனோம். கூலி வேற கணக்காயிருச்சு. நல்லவேளை, முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு மேஸ்திரியக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, அவரு சொன்ன தொகையை விலையில குறைச்சுட்டோம். இடிபாட்டைத் தெருவோரமா கொட்டிட்டா மாநகராட்சிக்காரங்க சும்மா விடமாட்டாங்க, அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

அடுத்தது மண்ணு. செங்கல்லை அள்ளுனதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. கட்டடம் கட்டுன இடத்துல மேல் மண்ணுல சுண்ணாம்பும் சிமெண்டும் ஊறிப்போயிருக்கும். நாங்க வெச்ச கறிவேப்பிலை வளரவே இல்ல. இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. மண்ணுப் பரிசோதனைக்குக் குடுத்தா கார அமில நிலை (pH) எட்டுக்கு மேல, அதாவது காரம் அதிகம். அந்த நிலையில இரும்புச்சத்து மண்ணுல இருந்தாலும் செடியால எடுத்துக்க முடியாதாம். மேல ஒரு அடி மண்ணை எடுத்துட்டு, செம்மண் அடிச்சு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு, பூக்கற நேரத்துல அப்படியே மடக்கி மண்ணுக்குள்ள போட்டோம். அதுக்கப்புறம்தான் வாழை நின்னுச்சு. இப்ப கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கூட எங்ககிட்டதான் வராங்க.

பார்த்தீனியத்தைப் பூக்கறதுக்கு முன்னாடி புடுங்கிருங்க. வெறுங்கையில தொடாதீங்க, சில பேருக்குத் தோல் தடிச்சு மாசக்கணக்குல அரிக்கும். உப்புத் தண்ணி அடிச்சா கருகிரும்னு யாராச்சும் சொல்லுவாங்க. கருகறது நெசம்தானுங்க. ஆனா செடி வைக்கப்போற மண்ணுல யாராவது உப்பைக் கொட்டுவாங்களா?

மாடித்தொட்டி:

நாங்கள் வாங்காமல் விட்டவர்கள். திருச்சியில் பார்த்த வீடு. கொல்லை உங்களுடையதைப் போல அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் புதர்தான். நாங்கள் விட்டதற்குக் காரணமும் புதர் இல்லை. பின்னால் மூன்று மாடிக் கட்டடம், தெற்கே இன்னொன்று. காலையில் போய்ப் பார்த்தோம், மத்தியானமும் போய்ப் பார்த்தோம், தரையில் வெயிலே விழவில்லை. குப்பையை அள்ளிவிடலாம், அடுத்தவர் மாடியை என்ன செய்வது? துணி காயப்போடக்கூட வழியில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் அவரும் ஷிப்ட் வேலை. "குழந்தைக்கு விளையாட இடம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இடத்தை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் திரும்பவும் நாயுருவிதான். வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் மண்ணில் கை வைக்கிற ஆள் யார் என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். ஆசைப்படுகிற ஆள் வேறு. நாங்கள் பேசிப் பார்த்தோம், அப்படி யாருமே இல்லை. பிளாட் வாங்கி, மாடியில் தொட்டியில் தக்காளி போடுகிறேன். வருத்தமே இல்லை.

முடிச்சூர் வாத்தியார்:

சகோதரி, உங்கள் பதிவில் உள்ள செடிகளின் பெயரைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எருக்கும் நாயுருவியும் தண்ணீர் தேங்காத, காய்ந்த நிலத்துச் செடிகள். கோரை, சம்பு என்று தண்ணீர் நிற்கும் இடத்துச் செடிகளை நீங்கள் எழுதியிருந்தால் "திரும்பிப் பார்க்காமல் வாருங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நாங்கள் பட்டது ஊருக்கே தெரியும். படகில் வந்து அழைத்துப் போனார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து என் பழைய மாணவர் ஒருவர் இந்தப் பக்கம் வீடு பார்க்க வந்தார். என்னையும் கூட்டிப்போனார். கொல்லையில் புதிதாகப் பதித்த புல்தரை, வரிசையாக இட்லிப்பூ, செம்பருத்தி, வண்ணம் அடித்த சிமெண்ட் பெஞ்சு. அவர் மனைவிக்கு அப்படியே பிடித்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவே கோரை முளைத்துக்கொண்டிருந்தது. மதில் சுவரில் புது வெள்ளை, ஆனால் பின்பக்கத்து மோட்டார் அறையில் வெள்ளையடிக்க மறந்திருந்தார்கள். அங்கே முழங்காலுக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு தெளிவாக இருந்தது. வாங்கவில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: விற்பதற்கென்று அலங்கரித்த தோட்டத்தைவிடக் கவனிக்காமல் விட்ட கொல்லை எனக்கு மேல். அது எதையும் மறைக்காது.

நீங்கள் செய்யவேண்டியது: ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் தரகர் இல்லாமல் போய்ப் பாருங்கள். தெருவைவிட வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம், வாசலைவிடக் கொல்லை எவ்வளவு தாழ்வு என்று கவனியுங்கள். நம் ஊரில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு வளர்ந்துகொண்டே போகிறது. 1990களின் வீடுகள் பல இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக் கொடுப்பது சென்னையில் ஒரு தொழிலாகவே நடக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அந்தக் குழி எங்கே என்று உரிமையாளரைக் கேளுங்கள். பல வீடுகளில் அது குழாயோடு நின்றுவிடும், குழி இருக்காது.

பாம்பைப் பற்றி: பாம்பு செடிக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. எலி அந்தச் செங்கல் குவியலில் இருக்கிறது. குவியலைக் கிளறும்போது ஆட்கள் முழு பூட்ஸ் போட்டிருக்கட்டும். கண்ணில் பட்டால் அடிக்கவேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துப்போவார்கள்.

ஹாரோ தமிழச்சி:

லண்டனில் இருந்து எழுதுகிறேன், உங்களுக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனாலும் இங்கே நாங்கள் வீடு பார்த்தபோது தோட்டத்தில் மூங்கில் மாதிரித் தண்டோடு ஒரு புதர். அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அது ஜப்பானிய நாட்வீட் என்ற களையாக இருக்குமோ என்று பிறகு சந்தேகம் வந்தது; அந்தக் களை அடியில் கிழங்கு பரப்பிக்கொண்டே போகும். இங்கே விற்பவர் நிரப்பித் தரவேண்டிய படிவத்திலேயே அந்தக் களை உண்டா என்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. இருக்கிறது என்றால், அதை ஒழிக்கும் திட்டமும் உத்தரவாதமும் காட்டாமல் பல வங்கிகள் கடன் தருவதில்லை. விற்பவர் "தெரியாது" என்று எழுதியிருந்தார். எங்கள் சொலிசிட்டர் (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) விடவில்லை, ஆள் அனுப்பிப் பார்க்க வைத்தார். கடைசியில் அது வெறும் மூங்கில்! வாங்கிவிட்டோம். மூங்கிலோடு இன்னும் மல்லுக்கட்டுகிறேன், அது தனிக்கதை.

சங்கிலி பிடித்தவன்:

நான் ஓய்வுபெற்ற சர்வேயர். எல்லோரும் செடியைப் பார்க்கச் சொல்கிறார்கள், நான் எல்லையைப் பார்க்கச் சொல்கிறேன். புதர் மண்டிய கொல்லையில்தான் பக்கத்துக்காரர் மதில் ஓரடி உள்ளே வந்திருக்கும். யாரும் அந்தப் பக்கம் போகாததால் யாருக்கும் தெரியாது. பட்டாவும் புலப்பட (மனையின் அளவு காட்டும் வரைபடம்) நகலும் இணையத்திலேயே எடுக்கலாம். புதரை வெட்டச் சொல்லி, நான்கு மூலையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் 60 அடி என்றால் தரையிலும் 60 இருக்கவேண்டும். செப்டிக் டேங்க் முழுதும் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா, தென்னையின் அடிமரம் யார் பக்கம், இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள். அடிமரம் உங்களுடையது என்றால், அடுத்த வீட்டு மாடியில் விழுகிற மட்டையும் தேங்காயும் உங்கள் தலைவலி. ஓலையில் இருக்கும் கறுப்பு, வெள்ளை ஈ விட்ட தேன்கசிவில் படர்ந்த பூஞ்சணம். அதனால் மரம் சாகாது. குருத்துக்குக் கீழே தண்டில் ஓட்டை, பிசின் கசிவு இருந்தால் மட்டும் கூன்வண்டு என்று சந்தேகப்படுங்கள்.

அந்தப் பக்கத்தில் பல மனைகள் முன்பு வயலும் தோப்பும். பழைய கிணறு இருந்து மூடியிருக்கலாம். அக்கம்பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். குப்பை போட்டு மூடிய கிணற்றின்மேல் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டினால், தரை இறங்கும்.

பணக் கணக்கு: முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 9 விழுக்காடு போகும். கொல்லையைச் சுத்தம் செய்ய வங்கி கடன் தராது, கைக்காசுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து விலை பேசுங்கள்.

தாம்பரத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்னபடி மழைக்கு மறுநாள் தரகருக்குச் சொல்லாமல் போனோம். செப்டிக் டேங்க் பக்கம் மட்டும் கொஞ்சம் சேறு, மற்றபடி தண்ணீர் நிற்கவில்லை. வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம், கொல்லை வாசலைவிட அரை அடி தாழ்வு. கோரை இல்லை. சூலூர் அண்ணா, சந்து மூன்றரை அடிதான்! வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

அடுத்த வீட்டு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பேசினார். அந்தச் செங்கல் குவியலுக்குக் கீழே உறைகிணறு இருக்கிறதாம். முன்பு தெருவே அதில் குடிதண்ணீர் எடுத்ததாம், பலகை போட்டு மேலே இடிபாட்டைக் கொட்டிவிட்டார்களாம். விற்பவர் இதைச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு "ஓ, அதுவா" என்றார். அளந்து பார்த்ததில் எல்லை சரியாக இருக்கிறது. தென்னை எங்கள் பக்கம்.

நாங்கள் கூட்டிப்போன மேஸ்திரி சொன்ன தொகையை முழுதாகக் குறைக்க விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை, பாதிக்குமேல் இறங்கியிருக்கிறார். செப்டிக் டேங்க் மூடியைப் பதிவுக்கு முன்பே மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சம்மதித்தார். மாடித்தொட்டி அக்கா கேட்ட கேள்விதான் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. மண்ணில் கை வைக்கிற ஆள் யார்? கிணறு ஈசானிய மூலையில் என்று தெரிந்ததிலிருந்து மாமியார் கட்சி மாறிவிட்டார். "முருங்கையை மட்டும் வெட்டிவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கம்பளிப்பூச்சி அவருக்கு ஆகாது. வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கிறோம். கிணற்றைத் தூர் வாரினால் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

சங்கிலி பிடித்தவன்:

நல்லது. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி என்று அளந்தீர்களா? ஒரு கிரவுண்டில் இரண்டும் பின்பக்கம் என்றால் நெருக்கமாகத்தான் இருக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யாமல் குடிக்கவேண்டாம், செடிக்கு ஊற்றுங்கள். உறை நன்றாக இருந்தால் மூடாதீர்கள், மாடியில் விழும் மழைநீரை வடிகட்டி அதில் விடலாம்.

அதைவிட முக்கியம்: பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கும், பிராணவாயு இருக்காது. பலகையை எடுத்த கையோடு யாரையும் உள்ளே இறக்காதீர்கள். "நான் பழக்கப்பட்டவன்" என்று சொல்லும் ஆளையும்கூட. காற்று ஊதும் கருவி, இடுப்புக் கயிறு, மேலே ஆட்கள் எல்லாம் இருக்கிறவர்களிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். பெண் குழந்தை இருக்கிற வீடு, குடியேறுவதற்கு முன்பே கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டிவிடுங்கள்.