பேக்ஹேண்ட் தரைப்பந்து: ‘புறங்கை’யா, ‘குறுக்குக்கை’யா?

அன்புடையீர், வணக்கம்.

பேஸ்பால் பயிற்சிக் குறிப்புகளுக்கான சொற்பட்டியலில் ‘பேக்ஹேண்ட்’ (கையுறை இல்லாத பக்கமாகத் தரையில் உருண்டு வரும் பந்தை, கையுறைக் கையை எட்டிப் போட்டு வாங்கும் முறை) என்பதற்குப் ‘புறங்கைப் பிடிப்பு’ என்னும் சொல் முன்மொழியப்பட்டு, இருவர் அதை வழிமொழிந்தும் இருக்கிறார்கள். டென்னிசுக்கு அச்சொல் பொருந்தும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அங்கே மட்டையைப் பற்றிய கையின் புறம்தான் பந்தை நோக்கி முன்னேறுகிறது. பேஸ்பாலில் நடப்பது வேறு. கையுறையின் உள்ளங்கைப் பள்ளமே பந்தை எதிர்கொள்கிறது, புறங்கையோ பந்துக்கு மறுபக்கம் திரும்பியிருக்கிறது. தேன் எடுத்தவன் நக்கும் புறங்கை என்று ஓர் உறுப்பின் பெயராகவே இச்சொல் நம் நாவில் ஊன்றிவிட்டதால், “புறங்கையில் வாங்கு” என்று பயிற்சியாளர் சொன்னால் புதிதாக ஆட வந்த சிறுவன் விரல் முட்டிகளைத்தான் நீட்டுவான்.

செயலைச் சற்று விரித்துப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஆட்டக்காரரை ஷார்ட்ஸ்டாப் என்பார்கள். வலக்கையால் எறியும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறை இடக்கையில் இருக்கும். மூன்றாம் தளத்துக்கும் அவருக்கும் இடையிலான வெளியில் பந்து உருண்டு வரும்போது அந்த இடக்கை உடலைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கம் செல்ல வேண்டும். கட்டைவிரல் கீழ்நோக்க, கையுறையின் வாய் பந்தைப் பார்த்து விரிந்திருக்க, அதன் நுனி முதலிலேயே தரையைத் தொட்டுவிட வேண்டும். தாழ்ந்த கையைப் பந்தோடு உயர்த்துவது எளிது, உயர்ந்த கையைக் கடைசி நொடியில் தாழ்த்துவது கடினம். முழங்கையை விறைப்பாக நீட்டிவிட்டால் பந்து கையுறையில் பட்டுத் தெறித்துவிடும். பந்து தரையில் குத்தி எழும் கணத்திலேயே அதை அள்ள வேண்டும், அல்லது நன்றாக எழும்பித் தணியும்வரை பொறுக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட எழும்பலே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். கால் வைப்பிலும் இரு வகை உண்டு. எட்டாத தூரமென்றால் இடக்காலைக் குறுக்கே போட்டு எட்டுவார்கள். நேரமிருந்தால் வலக்காலைப் பந்தின் பாதையில் ஊன்றி, அதே காலை அழுத்தி எறிவார்கள். முதல் தளத்துக்கான எறிதல் நெடியது என்பதால், வலக்கால் ஊன்றும் முறையில் மிச்சமாகும் ஒரு காலடிகூட அங்கே பெரிது.

இவ்வளவிலும் மாறாமல் நிற்பது கை குறுக்கே கடப்பது ஒன்றுதான். ஆகவே ‘குறுக்குக்கை’ என்று முன்மொழிகிறேன்.

‘வலப்புறப் பிடிப்பு’ என்ற மாற்று தெளிவாகத் தோன்றினாலும் இடக்கை எறிவாளரிடம் தலைகீழாகிவிடும். முதல் தளத்தில் பதினொரு முறை தங்கக் கையுறை விருது (சிறந்த தடுப்பாட்டத்துக்கானது) பெற்ற கீத் எர்ணாண்டஸ் இடக்கையால் எறிபவர். அவருடைய பேக்ஹேண்ட் எல்லைக்கோட்டை ஒட்டிய இடப்பக்கத்தில் அமைந்தது. ‘மாறுகை’ ஓசையில் நன்று, ஆனால் மாறுகால் மாறுகை வாங்கும் பழைய தண்டனை உடனே நினைவுக்கு வருவதால் அதை விட்டுவிடலாம்.

சொல்லை ஒரு விவரிப்பில் வைத்துச் சோதித்தேன். அமெரிக்க பேஸ்பாலின் வாகையர் தொடரான உலகத் தொடரின் 1970 முதல் ஆட்டத்தில் சின்சினாட்டி அணியின் லீ மே அடித்த பந்தை, பால்டிமோர் அணியின் மூன்றாம் தள ஆட்டக்காரர் புரூக்ஸ் ராபின்சன், தளத்துக்குப் பின்னால் கோட்டையொட்டிக் குறுக்குக்கையில் வாங்கி, ஓட்டத்தின் வேகம் தன்னைக் கோட்டுக்கு வெளியே இழுத்துச் செல்லும்போதே சுழன்று எறிய, பந்து ஒருமுறை தரையில் குத்தி முதல் தளத்தில் நின்ற பூக் பவலைச் சேர்ந்தது. இவ்வாக்கியத்தில் ‘புறங்கையில் வாங்கி’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எனக்கு அடிபட்டது போல ஒலிக்கிறது!

வினைச்சொல்லைப் பற்றியும் ஒன்று: ஃபீல்டிங்குக்கு வழங்கும் ‘களத்தடுப்பு’ என்பதை இங்கே வினையாக்க வேண்டாம். கிரிக்கெட்டில் பந்தைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பேஸ்பாலில் தடுத்துவிட்டு எறியத் தாமதித்தால் அடித்தவர் தளத்தை அடைந்துவிடுவார். உயரப் பந்துக்குப் ‘பிடித்தல்’ இருக்கட்டும், தரைப்பந்துக்கு ‘வாங்குதல்’ போதும். பந்தின் பின்னே கையை இழுத்துக்கொள்ளாமல் அதன் ஊடே முன்தள்ள வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதால், ‘ஏந்துதல்’ சற்று மென்மையாகிவிடுகிறது.

வேற்றுமை உருபில் மட்டும் ஐயம் உள்ளது. ‘குறுக்குக்கையால்’ என்றால் கை கருவியாகிறது, ‘குறுக்குக்கையில்’ என்றால் நிலையாகிறது. நான் பின்னதையே விரும்புகிறேன். இதற்கு எதிரான ஃபோர்ஹேண்டுக்கு ‘நேர்க்கை’ என்று எழுதி வருகிறேன். கையுறை உடலைக் கடக்காத பக்கம் என்ற பொருள் அதில் போதிய அளவு வெளிப்படவில்லை என்று கருதுவோர் வேறு சொல் தந்தால், பட்டியலில் இரண்டையும் அருகருகே வைத்து முடிவு செய்யலாம்.